கஸ்தூரி ரோசாவுக்குக் கவ்வாத்து

நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவன் என்பதை இப்போதெல்லாம் வெளியில் சொல்வதில்லை. யாராவது கேட்டால், "சயன்ஸ் படிச்சேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அது அலுமாரிக்குள் போய்விட்டது. (வைத்தது மனைவி. காரணம் கேட்கவில்லை. காரணம் எனக்கே தெரியும்.)

ஒன்றும் தெரியாதவன் தோட்டத்தில் இறங்கினால் ஒரு செடியைக் கெடுப்பான், பயந்து நிறுத்திவிடுவான். படித்தவனுக்கு அந்தப் பயம் இருக்காது. நான் ஏழு செடிகளையும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

அப்போது நான் மலைநாட்டில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதே ஆசிரியர் அறையில் கணிதம் படிப்பித்தவள் வதனி. அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவளுடைய அப்பா சபாநாதன் அங்கிள் நீர்ப்பாசனப் பொறியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, அம்பிட்டியவில் மேட்டில் ஒரு வீடு கட்டிக் குடியிருந்தார். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். என் அப்பா அந்தத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். வதனியும் நானும் விரும்பிய விஷயம் அங்கிளுக்குத் தெரிந்து இரண்டு வருடம் ஆகியும் அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு ரோசா காட்டுவார்.

அந்த ரோசாதான் கஸ்தூரி ரோசா. மலைநாட்டுப் பங்களா ஒன்றின் தோட்டத்தில் கொப்பு கேட்டு வாங்கி, ஈரக் கடதாசியில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். பூக்கடை ரோசா மாதிரி ஒற்றைக் கொம்பில் ஒற்றைப் பூவாக விறைத்து நிற்காது. வளைந்து சாயும் கொம்புகளில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ. இளஞ்சிவப்பில் விரிந்து பால் நிறத்தில் முடியும். வாசனை கிட்டப் போனால் தெரியாது, பத்தடி தள்ளி நின்றால் காற்றில் வரும். (முதல் நாள் இது தெரியாமல் பூவுக்குள் மூக்கை நுழைத்து, ஓர் எறும்போடு வெளியே எடுத்தேன்.)

"உது லேசில சாகாது, தம்பி" என்பார் அங்கிள். "பனி தாங்கும், மழை தாங்கும், மதில் நிழலிலயும் பூக்கும். மற்ற ரோசா மாதிரி இலையில கரும்புள்ளி, பூஞ்சணம் எண்டு வருத்தமும் வராது. எதையும் தாங்கும்."

அப்போது அவருக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது.

ஒரு ஞாயிறு, மொட்டு கட்டத் தொடங்கியிருந்த கொம்பு ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் மூண்டு கிழமையில இது முழுக்கப் பூத்து நிக்கும். அந்த நேரம் உம்மட அப்பா அம்மாவை வரச் சொல்லும். முத்தத்தில கதிரையைப் போட்டு இருந்து கதைப்பம்."

இரண்டு வருடமாக நான் காத்திருந்தது அந்தக் 'கதைப்பம்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான். வாசல் கேற்றைத் தாண்டுவதற்குள் வதனியின் தொலைபேசி அழைப்பு வந்தது. "அப்பா ஓம் எண்டு சொல்லப் போறார். நீங்கள் ஒண்டும் செய்யாம, சும்மா இருந்தாப் போதும்" என்றாள். என்னைப் பற்றி இதைவிடச் சரியான கணிப்பை யாரும் செய்ததில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் ஊர்க் கோயில் திருவிழாவுக்காக அங்கிள், அவர் மனைவி அன்ரி, வதனி மூவரும் பதினைந்து நாள் யாழ்ப்பாணம் போவதாக இருந்தது. ரோசாவை யார் பார்ப்பது என்று அங்கிள் யோசித்தார். "நீங்க கவலையே படாம போயிட்டு வாங்க அங்கிள், நான் இருக்கேன்" என்று முன்னால் பாய்ந்தேன்.

"உமக்குக் கவாத்துத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கவ்வாத்தா? எங்க பரம்பரைத் தொழிலே அதுதானே அங்கிள்!"

அவர் முகம் மலர்ந்தது. வீட்டுத் திறப்புக் கொத்தை என் கையில் தந்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பொறியியலாளர் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் ஒரே உயரம். திங்களும் வியாழனும் தண்ணீர், வேருக்கு மட்டும், இலையில் படக்கூடாது. புதன் காய்ந்த மாட்டெரு இரண்டு கை. அதற்குக் கீழே, விளக்கம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு வரி: "சனி - கவாத்து."

இந்த இடத்தில் கவ்வாத்து என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஓர் இலைகூட மிச்சம் இல்லாமல், மொட்டைக் குச்சியாக விடுவார்கள். அதுதான் கவ்வாத்து. முதல்முறை பார்ப்பவர்கள் மலையில் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். பிறகு துளிர்க்கும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது.

சனிக்கிழமை காலை கத்தரிக்கோலோடு ரோசாவுக்கு முன்னால் நின்றேன். செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்து மதிலில் சாய்ந்திருந்தன. கொம்புக்குக் கொம்பு பச்சை மொட்டு. மண்டைக்குள் ஏதோ ஒன்று 'வேண்டாம்' என்றது. (அது படித்த படிப்பாக இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் கடைசியாகப் பேசியது.) அப்பாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அப்பா, ரோசாவுக்குக் கவ்வாத்து வெட்டணுமாம்."

"ரோசாவுக்கா? யாருடா சொன்னது?"

"இவங்க வீட்டு ஐயாதான். எழுதியே வச்சிருக்காரு."

"ஒசரம் எவ்வளவு?"

"என் தலைக்கு மேல போயிருச்சு."

"மொட்டு கிட்டு விட்டிருக்கா?"

"நெறைய விட்டிருக்குப்பா. அதான் யோசனையா இருக்கு."

"என்னாடா யோசன? அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. பூக்க ஆரம்பிச்சிருச்சுன்னா செடி கெழடாயிருச்சுன்னு அர்த்தம். ஒடனே வெட்டணும். நீ தொடாத, கெடுத்துப்புடுவ. நான் வர்றேன்."

தேயிலைக்கு அது முழு உண்மை. தேயிலையில் இலைதான் வேண்டும். பூத்தால் செடி களைத்துவிட்டது என்று பொருள். அதைச் சொன்னவர் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட என் அப்பா. கேட்டுவிட்டு, மூன்று வாரத்தில் பூத்ததும் கதைப்பம் என்று அங்கிள் சொன்னதையும் மறந்து, "ஆமால்ல!" என்று தலையாட்டியவன் பட்டதாரி.

பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். சம்பந்தி ஆகப்போகிற வீடு என்பதால் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கக்கத்தில் சாக்கில் சுற்றிய கவ்வாத்துக் கத்தி. சட்டையைக் கழற்றி மடித்து விறாந்தைக் கதிரையில் வைத்தார். முதல் செடியை நானே வெட்டுகிறேன் என்று கத்தியை வாங்கினேன். ஆறு கொம்பு வெட்டினேன். ஆறும் பிளந்து பட்டை கிழிந்தது, முள் என் கையையும் கிழித்தது. அப்பா கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு நான் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். கொம்புக்கு ஒரு வீச்சு, அவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்தில் ஏழு செடிகளும் முழங்கால் உயரக் குச்சிகளாக நின்றன. தேங்காய்த் தும்பால் தண்டுகளில் இருந்த பாசியைத் துடைத்தார். வெயில் பட்டால் பட்டை வெடிக்கும் என்று, வெட்டிய கொப்புகளையே மேலே பரப்பினார். மொட்டுகள் எல்லாம் அந்தக் கொப்புகளில் தலைகீழாகக் கிடந்தன.

"ஐயா பாத்தாருன்னா சந்தோஷப்படுவாரு" என்று சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். கொப்பை விலக்கி, குச்சிகள் நன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து, அங்கிளுக்கும் வதனிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வதனிதான் முதலில் பதில் போட்டாள்.

"இது எந்த இடம்?"

"உங்க வீடு" என்று எழுதினேன்.

"எங்கட வீட்டில இப்பிடி ஓர் இடம் இல்லையே."

"கேற் பக்கம்" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டேன். உடனே தொலைபேசி அடித்தது.

"ரோசா எங்க?"

"அதான் படத்துல இருக்கே. கவ்வாத்து வெட்டியாச்சு."

"நான் ரோசா எங்க எண்டு கேக்கிறன்!"

குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் எனக்குக் காது சூடாகத் தொடங்கியது. "உங்க அப்பாதானே கவ்வாத்துன்னு எழுதி வச்சிருந்தாரு..." என்று இழுத்தேன்.

"ஐயோ கடவுளே! அப்பா யூரியூப்பில இந்தியாத் தோட்டக்காரர் ஒராளைப் பாக்கிறவர். அந்தாள் கவாத்து எண்டு சொல்லுறது, பழுத்த இலை, காஞ்ச நுனி, இதுகளைக் கிள்ளி விடுறதை! கிள்ளுறது! உங்களுக்குக் கிள்ளத் தெரியாதோ?"

படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு நேரே ஏழு செடிகளின் குச்சிகள். அரை மணித்தியாலத்துக்கு முன் அழகாகத் தெரிந்தவை இப்போது கொலை நடந்த இடம் மாதிரி தெரிந்தன.

"அப்பாவுக்கும் அனுப்பினீங்களோ?" என்று கேட்டாள்.

"ம்."

"அழியுங்கோ! சாமி தூக்கிக்கொண்டு நிக்கிறார், இன்னும் பாக்கேல்ல. கெதியா அழியுங்கோ!"

அழித்தேன். ஆனால் வாட்ஸ்அப் ஒன்றை அழித்தால் அழித்த தடயத்தையும் அங்கேயே விட்டுவைக்கும் என்பதை அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அங்கிள் எடுத்தார். பின்னால் மேளமும் நாதஸ்வரமும் உச்சத்தில் இருந்தன. அதற்கு மேலாகக் கத்திக் கேட்டார்:

"தம்பி, என்னத்தை அழிச்சனீர்?"

என் உயிர் போய் வந்தது. "ஒண்ணுமில்ல அங்கிள்... ஒரு படம்."

"என்ன படம்?"

"ரோசா... ரோசாப் படம்."

"வடிவாய் நிக்குதோ? இலை ஏதும் வாடிச்சுதோ?"

"ஒரு இலைகூட வாடல அங்கிள்" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கலப்படம் இல்லாத உண்மையை நான் சொன்னதில்லை.

அடுத்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை. முதலில் குரங்குகள் மேல் பழி போடலாம் என்று யோசித்தேன். அம்பிட்டியவில் குரங்குக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் கத்தியோடு வரும் குரங்கை அங்கிள் நம்ப மாட்டார். தவிர, மதிலுக்கு அந்தப் பக்கம் சாட்சியும் இருந்தது. பௌர்ணமிப் போயா தினத்துக்குப் புத்தர் பன்சலைக்குக் கொண்டுபோக இந்த ரோசாவைக் கேட்டு வாங்குகிற சிங்கள அம்மா, எட்டிப் பார்த்து, "அனே தெய்யனே!" என்று கடவுளைக் கூப்பிட்டு வாயில் கை வைத்தவர், அதன் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் வீட்டுக்குள் போய்விடுவார். இந்த ரோசாவைப் பற்றி இணையத்தில் தேடினேன். தேடிய முதல் இடத்திலேயே, இதை ஒருபோதும் ஒட்ட வெட்டக்கூடாது, மூன்றில் ஒரு பங்கு போதும் என்று போட்டிருந்தது. மூடி வைத்துவிட்டேன். அப்பா தினமும், "துளுத்திருச்சா?" என்று கேட்பார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் வந்து இறங்கிய காலை நான் கேற்றுக்கு உள்ளே நின்றேன். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. திறப்பு என்னிடம் இருந்தது. அன்ரி முதலில் நுழைந்தார். பிரசாதப் பையோடு அப்படியே நின்று, "என்னங்கோ, வீடு மாறி வந்திட்டமோ?" என்று கேட்டார். வதனி என்னைப் பார்க்கவே இல்லை. அங்கிள் பையைக் கீழே வைத்தார். ஏழு செடிகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். விரலால் வெட்டுகளைத் தடவினார். ஏச்சு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆர் வெட்டினது?" என்று கடைசியில் கேட்டார்.

"நான்தான் அங்கிள்."

"பொய் சொல்லாதேயும். இந்தச் செடியில இந்த ஆறு கொம்பு நீர். பட்டை எல்லாம் கிழிஞ்சு கிடக்கு. மற்றது ஆர்?"

"எங்க அப்பா" என்றேன்.

"வாற ஞாயிறு அவரை வரச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அதைக்கூட ஒருவிதமாக விழுங்கிக்கொண்டேன். என்னால் விழுங்க முடியாதது வேறொன்று. அந்த வெள்ளைச் சட்டையோடு என் அப்பா இந்த முற்றத்தில் கைகட்டி நின்று, என் முட்டாள்தனத்துக்காகப் பேச்சு வாங்குவார். தோட்டத்தில் அவர் அப்படி நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஞாயிறு பஸ்ஸில்தான் உண்மையைச் சொன்னேன். அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "பூவுக்காகவா வளக்கிறாரு? வெறும் பூவுக்காகவா? அடப் பாவி மகனே, நீ படிச்சவந்தானேடா!" என்றார். (அம்மா வரவில்லை. "திட்டு வாங்க ரெண்டு பேரு எதுக்கு?" என்று வீட்டிலேயே நின்றுவிட்டார்.)

முற்றத்தில், குச்சிகளுக்கு நேரே, கதிரைகள் போட்டிருந்தன. அப்பா உட்காரவில்லை. நான் பயந்தபடியே கைகட்டினார்.

"மன்னிக்கணும் ஐயா. தேயிலன்னு நெனச்சு வெட்டிப்புட்டேன்."

"இருங்கோ."

"இருக்கட்டும் ஐயா."

"இருங்கோ எண்டு சொல்லுறன்." அங்கிள் தன் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார். "நான் ஒண்டு கேக்கவேணும். இந்தக் கொம்பு பெருவிரல் மொத்தம். நான் மரம் அரியிற வாளால அரிஞ்சாலும் பிசிறு வரும். நீங்கள் எப்பிடி ஒரே வெட்டில, பட்டை கிழியாம எடுத்தனீங்கள்?"

எனக்கு விளங்கவே சில நொடிகள் பிடித்தன. அங்கிள் சண்டைக்குக் கூப்பிடவில்லை. வந்த நாளிலிருந்து அந்த வெட்டுகளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அப்பா மெல்லக் கையைப் பிரித்து, கத்தியைக் கீழிருந்து எப்படிச் சாய்த்துக் கொண்டுவருவது என்று காற்றில் காட்டினார். அங்கிளும் அதே மாதிரி காற்றில் வீசிப் பார்த்தார். அன்ரி தேத்தண்ணியோடு வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"சரி, இது இனிப் பூக்குமோ?" என்று அங்கிள் கேட்டார். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

அப்பா எழுந்துபோய்க் குந்தினார். நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. கொப்பை விலக்கிக் காட்டினார். கணுவில் சிவப்பாக ஒரு துளிர், அரிசி அளவுக்கு. "வெட்டுன நாள்லேருந்து அறுபது நாளு. அறுபதாம் நாளு பூக்கும் ஐயா. ரெண்டு பங்காப் பூக்கும்."

அங்கிள் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். "அறுபது நாளில பூத்தால் நீங்கள் என்னை ஐயா எண்டு கூப்பிடப்படாது. சம்மந்தி எண்டுதான் கூப்பிடவேணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பூக்கலன்னா?" என்று கேட்டேன்.

"பூக்காட்டி உம்மை நான் மருமகன் எண்டு கூப்பிடமாட்டன்."

அந்த நாட்களில் நான் அந்தச் செடிகளைப் பார்த்த மாதிரி பட்டப் படிப்பில் ஒரு செடியையும் பார்த்ததில்லை. துளிர் விரலளவானது, முழங்கையளவானது, வளைந்து சாய்ந்தது. ஐம்பதாம் நாளில் மொட்டுக் கொத்துகள் வந்தன. ஐம்பத்தெட்டில் நிறம் காட்டின. அறுபதாம் நாள் காலை அங்கிள் குறிப்புப் புத்தகத்தோடு முற்றத்தில் நின்றார். ஒரு மொட்டும் விரியவில்லை. அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டதாக வதனி சொன்னாள். அன்று வகுப்பில் நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது. அடுத்த நாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அப்பாவுக்கு எடுத்தால், "மழை பேஞ்சிருச்சுடா, மழை பேஞ்சிருச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கும் மறுநாள் காலை வதனியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு சொல்கூட எழுதவில்லை. ஒரு கொத்தில் எண்ண முடியாத பூ. அதே நேரம் தெல்தோட்டையில் அப்பாவின் தொலைபேசி அடித்திருக்கிறது.

"சம்மந்தி, பூத்திட்டுது. ஆனா மூண்டு நாள் பிந்தி."

இப்போது எந்த வீட்டிலும் நான் கத்தரிக்கோலைத் தொட அனுமதி இல்லை. பால்மா பக்கெற்றை வெட்ட எடுத்தால்கூட அன்ரி அடுப்படியிலிருந்து, "தம்பி, என்னத்தை அழிச்சனீர்?" என்று குரல் கொடுப்பார். அப்பா வருடத்துக்கு ஒருமுறை கத்தியோடு பஸ் ஏறி வருவார். அங்கிள் அளவு நாடாவைப் பிடித்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் காவல் நிற்பார். மதிலுக்கு அந்தப் பக்கத்து அம்மா அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

போன மாதம் எங்கள் மகளுக்குக் கோயிலில் மொட்டை போட்டோம். பெயர் கஸ்தூரி. (யார் வைத்த பெயர் என்று கேட்க வேண்டாம்.) முடி இறக்கி முடித்ததும் யாரோ கண்ணாடியைக் காட்டிவிட்டார்கள். தன் தலையைப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த முகத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அன்று படியில் உட்கார்ந்திருந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள்.

அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டு மொட்டைத் தலையைத் தடவினார். "அழாத பாப்பா, அழாத. அறுபது நாளுல எல்லாம் வந்துரும்."

பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அங்கிள் சொன்னார்:

"அறுபத்து மூண்டு."